சிப் சண்டையும் பழைய மென்பொருளும்

"லேப்டாப் வாங்கணும். மேக்கா, விண்டோஸா? இன்டெல்லா, ஏஎம்டியா?" மாதத்துக்கு ஒருவராவது என்னிடம் இதைக் கேட்டுவிடுகிறார்கள். பி.இ. படித்தவன், இருபது வருஷத்துக்கு மேல் மென்பொருள் எழுதிப் பிழைக்கிறவன், இவனுக்குத் தெரியாமலா இருக்கும் என்கிற நம்பிக்கை. நான் வாயைத் திறப்பதற்குள் பக்கத்தில் இருப்பவர் ஆரம்பித்துவிடுவார். இன்டெல் கதை முடிந்துவிட்டது என்பார். இன்னொருவர், மேக் என்பது பணக்காரர்களின் பொம்மை என்பார். ரஜினி-கமல் சண்டை மாதிரிதான். ரெண்டு பக்கமும் புள்ளிவிவரம் இருக்கும், முடிவு மட்டும் வராது.

இந்தச் சண்டையின் பழைய சுற்றுகளைக் கொஞ்ச நாளாகத் தோண்டிப் படித்துக்கொண்டிருந்தேன். 1981-இல் ஐபிஎம் பிசி வந்த காலத்திலிருந்து ஆப்பிளின் எம்1 வரைக்கும். படிக்கப் படிக்க ஒரு விஷயம் திரும்பத் திரும்ப வந்து நின்றது. எந்தச் சிப் வேகம் என்றுதான் எல்லோரும் வாதாடியிருக்கிறார்கள். ஆனால் பெரும்பாலும் முடிவைத் தீர்மானித்தது வேறு கேள்வி: வாங்குகிறவரிடம் ஏற்கனவே இருக்கும் மென்பொருளும் கோப்புகளும் புது மெஷினில் ஓடுமா, ஓடாதா? இதை விளக்கிவிட்டால் மேலே உள்ள கேள்விக்குப் பதில் சொல்வது கொஞ்சம் சுலபமாகும்.

முதலில் அடிப்படை. ப்ராசஸர் என்பது எண்களைக் கட்டளைகளாகப் படிக்கும் ஒரு சில்லு. இந்த எண் வந்தால் கூட்டு, அந்த எண் வந்தால் நினைவகத்திலிருந்து எடு, இன்னொன்று வந்தால் வேறு இடத்துக்குத் தாவு. எந்த எண்ணுக்கு எந்த வேலை என்ற பட்டியலைக் கட்டளைத் தொகுதி என்கிறோம். இன்டெல்லும் ஏஎம்டியும் ஒரே தொகுதியைப் பயன்படுத்துகின்றன, எக்ஸ்86 என்று பெயர். உங்கள் செல்போனிலும் இன்றைய மேக்கிலும் இருப்பது ஆர்ம். எக்ஸ்86-இல் ஒரு கட்டளை 1 பைட்டும் இருக்கலாம், 15 பைட்டும் இருக்கலாம். 64-பிட் ஆர்மில் எல்லாக் கட்டளையும் சரியாக 4 பைட். நாம் சி மொழியில் எழுதும் நிரலை கம்பைலர் இப்படிப்பட்ட எண்களாக மாற்றித்தான் கொடுக்கிறது. ஆக, ஒரு சிப்புக்காகத் தயாரான நிரல் இன்னொரு சிப்புக்கு வெறும் குப்பை.

இது முதல் பூட்டு. ரெண்டாவது பூட்டு இயங்குதளம். ஒரு நிரல் கோப்பைத் திறக்க வேண்டும், ஜன்னல் வரைய வேண்டும், பிரிண்டருக்கு அனுப்ப வேண்டும் என்றால் விண்டோஸிடமோ மேக்ஓஎஸ்ஸிடமோ லினக்ஸிடமோதான் கேட்க வேண்டும். ஒவ்வொன்றிடமும் கேட்கும் முறை வேறு. 2006 முதல் 2020 வரை மேக்கிலும் விண்டோஸ் பிசியிலும் ஒரே இன்டெல் சிப்தான் இருந்தது. அதற்காக விண்டோஸ் மென்பொருள் மேக்ஓஎஸ்ஸில் அப்படியே ஓடியதா என்ன? சிப் சண்டையையும் இயங்குதளச் சண்டையையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொள்வதால்தான் பாதி வாதங்கள் எங்கும் போய்ச் சேருவதில்லை.

சரி, முதல் சுற்று.

1981 ஆகஸ்டில் வந்த ஐபிஎம் பிசியில் இருந்தது இன்டெல் 8088, வேகம் 4.77 மெகாஹெர்ட்ஸ். அதே காலத்தில் மோட்டோரோலாவின் 68000 சிப் இருந்தது. காகிதத்தில் வைத்துப் பார்த்தால் போட்டியே இல்லை. 68000-இல் 32-பிட் பதிவகங்கள். 16 எம்பி நினைவகத்தை நேராக, ஒரே நீளப் பரப்பாக அணுகலாம். 8088-க்கு மொத்தமே 1 எம்பி, அதுவும் 64 கேபி துண்டு துண்டாகத்தான் பார்க்கும். அந்தத் துண்டுகளோடு மல்லுக்கட்டிய யாரைக் கேட்டாலும் இன்றைக்கும் திட்டுவார்கள். 68000-க்கு நிரல் எழுதியவர்களோ அதைப் பற்றிக் காதலியைப் பற்றிப் பேசுவது போலப் பேசுவார்கள். 1984-இல் வந்த முதல் மேக்கிலும், 1985-இல் வந்த அமிகாவிலும் அடாரி எஸ்டியிலும் இருந்தது அதுதான்.

பிறகு ஏன் 8088? அதன் வெளி இணைப்பு 8-பிட்தான். அதனால் சுற்றி வைக்கும் மலிவான பழைய சிப்களையே வைத்து மெஷினைச் செய்துவிடலாம். இது விலைக் காரணம். எனக்கு அதைவிடச் சுவாரசியமானது இன்னொன்று. இன்டெல் 8086 குடும்பத்தை வடிவமைக்கும்போதே, தன் பழைய 8080 சிப்புக்கு எழுதிய அசெம்ப்ளி நிரல்களைக் கிட்டத்தட்ட இயந்திரத்தனமாகப் புதியதற்கு மாற்றிவிடலாம் என்கிற மாதிரி செய்திருந்தது. அன்றைய அலுவலகங்களில் ஓடிக்கொண்டிருந்த வேர்ட்ஸ்டார் போன்ற மென்பொருள்கள் 8080 உலகத்தைச் சேர்ந்தவை. அவை சீக்கிரமே பிசிக்கு வந்து சேர்ந்தன. அப்புறம் 1983-இல் லோட்டஸ் 1-2-3 வந்தது. கணக்கு எழுதும் அலுவலகத்துக்கு அந்த ஒரு நிரலுக்காகவே பிசி வாங்கலாம் என்ற நிலை. 1985-இல் இன்டெல் 386 வந்தபோது அது நிஜமான 32-பிட் சிப். துண்டுத் தொல்லையும் தீர்ந்தது. ஆனால் அதற்குள்ளேயே பழைய 8086 போல நடிக்கும் ஒரு தனி நிலையையும் வைத்திருந்தார்கள். நாலு வருஷம் சேர்ந்த மென்பொருளை யாரும் தூக்கிப்போட வேண்டியதில்லை. அசிங்கமான சிப்தான், ஆனால் வீட்டுச் சாமான்களோடு சேர்த்துக் குடிவரச் சொன்ன சிப்.

ரெண்டாவது சுற்றுதான் எனக்கு மிகவும் பிடித்தது, மெகாஹெர்ட்ஸ் சண்டை. கல்லூரி முடித்த புதிதில் நாங்களும் இதில் தீவிரமாகக் கலந்துகொண்டோம், மேக்கைக் கண்ணால் பார்க்காமலே.

1991-இல் ஆப்பிள், ஐபிஎம், மோட்டோரோலா மூன்றும் கைகோர்த்து பவர்பிசி என்ற புதுச் சிப் குடும்பத்தைத் தொடங்கின. 1994 மார்ச்சில் மேக் அதற்கு மாறியது. சில வருஷம் நன்றாகத்தான் போனது. 1999-இல் 500 மெகாஹெர்ட்ஸ் வரை என்று அறிவிக்கப்பட்ட ஜி4 சிப், அதற்குப் பிறகு ஒரு வருஷத்துக்கு மேல் அந்த எண்ணைத் தாண்டவே இல்லை. எதிரே பென்டியம் 1,000-ஐத் தாண்டி ஓடிக்கொண்டிருந்தது. கடையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் வாங்குகிறவர் எந்த எண்ணைப் பார்ப்பார்? 2001 ஜூலையில் நியூயார்க் மேக்வேர்ல்டு மேடையில் ஆப்பிள் ஒரு பாடமே நடத்தியது. மெகாஹெர்ட்ஸ் ஒரு மாயை என்றார்கள். 867 மெகாஹெர்ட்ஸ் ஜி4 ஒரு பக்கம், 1.7 கிகாஹெர்ட்ஸ் பென்டியம் 4 இன்னொரு பக்கம். போட்டோஷாப் வேலையில் ஜி4 ஜெயித்தது.

இது எப்படிச் சாத்தியம்? ஒரு பரோட்டாக் கடையை நினைத்துக்கொள்ளுங்கள். ஒருவர் உருண்டை பிடிக்கிறார், ஒருவர் வீசுகிறார், ஒருவர் கல்லில் போடுகிறார், ஒருவர் அடித்துத் தட்டில் வைக்கிறார். நாலு பேரும் ஒரே நேரத்தில் நாலு பரோட்டாக்களில் வேலை செய்கிறார்கள். சிப்புக்குள்ளும் கட்டளைகள் இப்படித்தான் வரிசையாகப் போகின்றன. ஜி4-இல் இந்த வரிசையில் 7 கட்டங்கள். பென்டியம் 4-இல் 20. வேலையை 20 பேருக்குப் பிரித்துக் கொடுத்தால் ஒவ்வொருவர் வேலையும் சின்னது. அதனால் கை வேகமாக ஆடும், அதாவது கிகாஹெர்ட்ஸ் ஏறும். ஆனால் வாடிக்கையாளர் என்ன கேட்பார் என்று ஊகித்து முன்கூட்டியே சாதா பரோட்டாவுக்கு ஆரம்பித்துவிட்டீர்கள், அவர் வந்து முட்டைப் பரோட்டா கேட்கிறார் என்றால்? வரிசையில் இருப்பதையெல்லாம் ஒதுக்கிவிட்டு மறுபடி உருண்டையிலிருந்து தொடங்க வேண்டும். வரிசை நீளமாக இருந்தால் வீணாவதும் அதிகம். நிரல்களில் "இப்படி இருந்தால் இதைச் செய்" என்ற கிளைகள் எக்கச்சக்கம், சிப் ஒவ்வொன்றிலும் ஊகித்துத்தான் முன்னே போகிறது. ஆக, மெகாஹெர்ட்ஸ் என்பது கை ஆடும் வேகம். தட்டில் எத்தனை பரோட்டா விழுந்தது என்பது தனிக் கணக்கு.

ஆப்பிள் சொன்ன விஞ்ஞானம் சரிதான். ஆனால் மேடையில் காட்டிய போட்டோஷாப் வேலை, ஜி4-இல் இருந்த ஆல்டிவெக் என்ற தனிப் பகுதிக்குச் சாதகமான வேலை. அந்தப் பகுதி ஒரே கட்டளையில் பல எண்களை ஒன்றாகக் கணக்கிடும், படங்களுக்குப் பிரமாதம். கம்பைலர் ஓட்டுவதற்கோ விரிதாளுக்கோ அது பெரிதாக உதவாது. தவிர, விதி உண்மையாக இருந்தாலும் இடைவெளி ரொம்பப் பெரிதாகிவிட்டால் விதி காப்பாற்றாது. 2002 நவம்பரில் பென்டியம் 4 3.06 கிகாஹெர்ட்ஸில் வந்தபோது மேக்கின் உச்சம் 1.25. இதற்கு என்ன பாடம் நடத்தினாலும் எடுபடாது.

அடுத்து நடந்ததுதான் வேடிக்கை. ரெண்டு தரப்பையும் ஒரே எதிரி வந்து அடித்தது: சூடு. சிப்புக்குள் செலவாகும் மின்சாரம் அதிர்வெண்ணோடும், மின்னழுத்தத்தின் வர்க்கத்தோடும் சேர்ந்து ஏறும். வேகத்தைக் கூட்ட வேண்டுமானால் பெரும்பாலும் மின்னழுத்தத்தையும் கூட்ட வேண்டும். ரெண்டையும் 20 சதவீதம் ஏற்றினால் 1.2-ஐ மூன்று முறை பெருக்கிப் பாருங்கள், 1.73 வரும். 20 சதவீத வேகத்துக்கு 73 சதவீதம் கூடுதல் மின்சாரம்! 2003-இல் ஸ்டீவ் ஜாப்ஸ் ஜி5 சிப்பை அறிமுகப்படுத்தி, ஒரு வருஷத்தில் 3 கிகாஹெர்ட்ஸ் என்று மேடையில் சொன்னார். அது வரவே இல்லை. 2004-இல் 2.5 வந்தது, அதையும் குளிர்விக்கக் கார் ரேடியேட்டர் மாதிரி திரவம் ஓட வேண்டியிருந்தது. ஜி5-ஐ லேப்டாப்பில் வைக்கவே முடியவில்லை. அந்தப் பக்கம் இன்டெல் தன் வரிசையை 31 கட்டமாக நீட்டி பிரஸ்காட் என்று விட்டது, அது அடுப்பாகக் கொதித்தது. அதற்கு அடுத்த திட்டமான டெஜாஸ் 2004 மே மாதம் கைவிடப்பட்டது.

2005 ஜூன் 6. மேக் இன்டெல்லுக்கு மாறப்போகிறது என்று ஜாப்ஸ் அறிவித்தார். நாலு வருஷம் முன்பு எந்தக் கம்பெனியின் சிப்பை மேடையில் வைத்துக் கேலி செய்தார்களோ, அதே கம்பெனி. அவர் காட்டிய காரணத்தில் மெகாஹெர்ட்ஸ் இல்லை. ஒரு வாட் மின்சாரத்துக்குக் கிடைக்கும் வேலை: பவர்பிசிக்கு 15, இன்டெல்லுக்கு 70. இதில் கவனிக்க வேண்டியது, அந்த 70 பென்டியம் 4-இன் எண் கிடையாது. இன்டெல்லின் வருங்காலச் சிப்களின் எண். இன்டெல்லின் இஸ்ரேல் குழு லேப்டாப்புக்காகச் செய்த பென்டியம் எம் என்ற சிப்பிலிருந்து வளர்ந்த வரிசை அது. கட்டம் குறைவு, கிகாஹெர்ட்ஸ் குறைவு, வேலை அதிகம். அதாவது, ஆப்பிள் 2001-இல் சொன்ன பாடத்தை இன்டெல் நடைமுறைப்படுத்திக் காட்டிய பிறகு, ஆப்பிள் இன்டெல்லுக்குப் போனது.

சிப் மாறலாம், சரி. அதுவரை பவர்பிசிக்கு எழுதப்பட்ட மென்பொருளெல்லாம்?

இங்கேதான் ஆப்பிளுக்கு ஒரு சபாஷ் போட வேண்டும். மூன்று முறை சிப்பை மாற்றியும் மேக் பிழைத்திருக்கக் காரணம், ஒவ்வொரு முறையும் பழைய நிரல்களைத் தோளில் தூக்கி வந்ததுதான். 1994-இல் 68000 குடும்பத்துக்கான நிரல்களை ஓட்டும் எமுலேட்டரை இயங்குதளத்துக்கு உள்ளேயே வைத்தார்கள். 2006-இல் ரொசெட்டா. 2020-இல் ரொசெட்டா 2.

இந்த மொழிபெயர்ப்பு சாதாரண வேலை இல்லை. என் அனுபவத்தில் ஒன்று சொல்கிறேன். வேலைக்குச் சேர்ந்த புதிதில், ஸ்பார்க் சர்வரில் ஓடிய சி நிரல்களை இன்டெல் லினக்ஸுக்குக் கொண்டுவரும் வேலை கொடுத்தார்கள். கம்பைல் ஆகிவிட்டது, ஓடியும் விட்டது. ஆனால் பழைய தரவுக் கோப்பைத் திறந்தால் 1 இருக்க வேண்டிய இடத்தில் 1,67,77,216 என்று வருகிறது. காரணம், ஒரு எண்ணின் நாலு பைட்டுகளை ஸ்பார்க் பெரிய இலக்கத்திலிருந்து எழுதும், இன்டெல் சின்ன இலக்கத்திலிருந்து எழுதும். வலமிருந்து இடமாகப் படிப்பவரிடம் நம் கணக்கு நோட்டைக் கொடுத்த மாதிரி. பவர்பிசி மேக்குகளும் ஸ்பார்க் பக்கம்தான். அதனால் 2006-இன் ரொசெட்டா, நிரல் நினைவகத்தைத் தொடும்போதெல்லாம் இந்தத் திருப்புவேலையையும் சேர்த்தே செய்ய வேண்டியிருந்தது. நாங்கள் அந்த ஒரு சமாச்சாரத்தை எல்லாக் கோப்பிலும் சரிசெய்ய மூன்று வாரம் ஆனது. அவர்கள் அடுத்தவர் எழுதிய நிரல்களுக்கு, மூல நிரலே கையில் இல்லாமல், ஓடிக்கொண்டிருக்கும்போதே செய்தார்கள்.

2020-இல் வேறு சிக்கல். எக்ஸ்86-இல் ஒரு கோர் நினைவகத்தில் எழுதியதை மற்ற கோர்கள் அதே வரிசையில்தான் பார்க்கும் என்று உத்தரவாதம் உண்டு. ஆர்மில் அந்த உத்தரவாதம் கிடையாது, வரிசை மாறலாம். மொழிபெயர்ப்பில் இதைச் சரிக்கட்ட ஆங்காங்கே "நில், காத்திரு" என்று கட்டளை சேர்த்துக்கொண்டே போனால் வேகம் படுத்துவிடும். ஆப்பிள் என்ன செய்தது? எம்1 சிப்புக்குள்ளேயே, எக்ஸ்86 போல வரிசை காக்கும் ஒரு சுவிட்சை வைத்துவிட்டது. ரொசெட்டா 2 ஓடும்போது அது போடப்படும். பழைய மென்பொருளுக்காகப் புதுச் சிலிக்கானையே வளைத்திருக்கிறார்கள். இந்த ஒரு தகவல் எனக்கு எம்1-இன் மற்ற எல்லா விளம்பரங்களையும்விடப் பெரிதாகத் தெரிகிறது.

ஆனால் ஆப்பிளுக்கு இன்னொரு பழக்கமும் உண்டு, ஏற்றிவிட்ட ஏணியை எட்டி உதைப்பது. பழைய ரொசெட்டாவை 2011-இல் எடுத்துவிட்டார்கள். 2019-இல் 32-பிட் நிரல்கள் எல்லாவற்றுக்கும் கதவைச் சாத்தினார்கள். மேக்ஓஎஸ் 26 தான் இன்டெல் மேக்குகளுக்குக் கடைசி என்று 2025-இல் அறிவித்துவிட்டார்கள். ஐந்தாறு வருஷம் அவகாசம், அதற்குள் நீங்களும் உங்கள் மென்பொருளும் மாறிவிட வேண்டும். அவ்வளவுதான்.

பழையதைத் தூக்கி வராதவர்களுக்கு என்ன ஆனது என்பதையும் வேகமாகப் பார்த்துவிடலாம். இன்டெல்லும் எச்பியும் சேர்ந்து 2001-இல் ஐடேனியம் என்ற 64-பிட் சிப்பைக் கொண்டுவந்தன. முற்றிலும் புதுக் கட்டளைத் தொகுதி. பழைய எக்ஸ்86 நிரல்களை ஓட்டும், ஆனால் நொண்டிக்கொண்டே. ஏஎம்டி 2003-இல், இருக்கிற எக்ஸ்86-ஐயே 64-பிட்டாக நீட்டி, பழைய 32-பிட் நிரல் முழு வேகத்தில் ஓடும்படி கொடுத்தது. அடுத்த வருஷமே இன்டெல் தன் போட்டியாளரின் வடிவமைப்பை எடுத்துத் தன் சிப்பில் போட்டுக்கொண்டது. இன்றைக்கும் இன்டெல் கம்ப்யூட்டரில் டெபியன் லினக்ஸ் போட்டால் பேக்கேஜ் பெயரில் "ஏஎம்டி64" என்று இருக்கும், பார்த்திருப்பீர்கள்.

மைக்ரோசாப்ட் 2012-இல் சர்ஃபேஸ் ஆர்டி என்று ஆர்ம் சிப் வைத்த ஒரு டேப்லட் விட்டது. பார்க்க விண்டோஸ், உள்ளே ஆஃபீஸும் இருந்தது. ஆனால் உங்களிடம் இருக்கும் எந்த விண்டோஸ் மென்பொருளையும் அதில் நிறுவ முடியாது. அடுத்த ஜூலையில் மைக்ரோசாப்ட் 90 கோடி டாலர் நஷ்டக் கணக்கு எழுதியது. சிப்பில் என்ன குறை? ஒன்றும் பெரிதாக இல்லை. பின்னால் ஆர்ம் விண்டோஸில் பழைய நிரல்களை ஓட்டும் வசதியைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்த்து, 2024-இல் ஸ்னாப்டிராகன் எக்ஸ் லேப்டாப்புகளோடு திரும்பி வந்தார்கள்.

"அப்போ எம்1 ஜெயித்தது ஆர்ம் என்பதால் இல்லையா?" என்று கேட்பீர்கள். கொஞ்சம் உண்டு. கட்டளைகள் எல்லாம் 4 பைட் என்பதால் அடுத்த கட்டளை எங்கே தொடங்கும் என்று தேட வேண்டியதில்லை, எம்1 ஒரே நேரத்தில் 8 கட்டளைகளைப் பிரித்துப் படிக்கும். அப்போதைய எக்ஸ்86 சிப்கள் நாலைந்துதான். ஆனால் 2021 கடைசியில் இன்டெல்லின் ஆல்டர் லேக் அதை 6 ஆக்கிவிட்டது, ஆக அது தாண்டவே முடியாத சுவர் இல்லை. என் கணிப்பில் பாதி வெற்றி தொழிற்சாலையுடையது. 1,600 கோடி டிரான்சிஸ்டர்கள் கொண்ட எம்1 தைவானின் டிஎஸ்எம்சியில் 5 நானோமீட்டர் முறையில் செய்யப்பட்டது. அதே சமயம் இன்டெல் தன் டெஸ்க்டாப் சிப்களை 2015-இல் வந்த ஸ்கைலேக் முதல் 2021 வரை 14 நானோமீட்டரிலேயே ஓட்டிக்கொண்டிருந்தது. ஏஎம்டி ரைசன் 2019-இல் இன்டெல்லை உலுக்கியதற்கும் டிஎஸ்எம்சியின் 7 நானோமீட்டர் ஒரு முக்கியக் காரணம். இன்டெல்லா ஏஎம்டியா என்று கத்துகிறவர்கள் பாதி நேரம் எந்தத் தொழிற்சாலை என்றுதான் கத்திக்கொண்டிருக்கிறார்கள், தெரியாமலே.

இதெல்லாம் நமக்கு எங்கே வந்து இடிக்கிறது என்பதற்கு எனக்குத் தெரிந்த ஒரே நல்ல உதாரணம் டிடிபி.

பேஜ்மேக்கர் 1985-இல் முதலில் வந்ததே மேக்குக்குத்தான். லேசர் பிரிண்டரோடு சேர்ந்து, மேசை மேலேயே புத்தகம் கோர்க்கலாம் என்று காட்டிய நிரல் அது. அதன் கடைசிப் பெரிய பதிப்பான 7.0, 2001-இல் வந்தது. மேக்கின் புதிய இயங்குதளமான ஓஎஸ் எக்ஸ்ஸுக்கு அது மாற்றி எழுதப்படவே இல்லை. பழைய மேக் சூழலைப் போல நடிக்கும் கிளாசிக் என்ற பெட்டிக்குள்தான் ஓடியது. இன்டெல் மேக்குகளில் கிளாசிக் கிடையாது. ஆக, தான் பிறந்த வீட்டில் பேஜ்மேக்கர் 2006-இலேயே செத்துவிட்டது. விண்டோஸ் பேஜ்மேக்கரோ சின்னச் சின்னத் தகராறுகளோடு விண்டோஸ் 10 வரைக்கும் வந்துவிட்டது. நம்மூர் டிடிபி கடைகள் எதனால் விண்டோஸை விடவில்லை என்பதற்கு வேறு காரணம் தேட வேண்டியதில்லை.

அதற்குள் தமிழுக்கென்று மூன்றாவது பூட்டு ஒன்றும் உண்டு. யூனிகோடுக்கு முந்தைய தமிழ் எழுத்துருக்களில், ஆங்கில எழுத்துகளும் குறியீடுகளும் இருக்க வேண்டிய இடங்களில் தமிழ் வடிவங்களை வைத்திருந்தார்கள். அந்த எழுத்துரு இல்லாத மெஷினில் கோப்பைத் திறந்தால் புத்தகம் முழுக்க ஆங்கிலக் கிறுக்கல். யூனிகோடுக்கு மாற்றலாமே என்றால், அதிலும் வில்லங்கம் இருக்கிறது. பழைய எழுத்துருவில் "கெ" என்பது பார்க்கிற வரிசையிலேயே, முதலில் கொம்பு, பிறகு க. யூனிகோடில் முதலில் க, பிறகு கொம்பு. திருப்பிப் போடுவது சுலபம்தான். ஆனால் "கௌ" பல எழுத்துருக்களில் கொம்பு, க, ள என்றுதான் சேமிக்கப்பட்டிருக்கும். "கெள" என்பதும் அதே மூன்றுதான். நிரலுக்கு எப்படித் தெரியும், "கௌரவம்" என்பதில் ஒரு எழுத்தா ரெண்டா என்று? அகராதி வைத்துப் பார்க்க வேண்டும், அப்போதும் கடைசியில் ஒரு மனிதக் கண் தேவை.

யூனிகோடு ஆதரவே ரெண்டு தளங்களுக்கும் ஒரே நேரத்தில் வரவில்லை. விண்டோஸ் 2000-இல் லதா எழுத்துருவோடு தமிழ் வந்துவிட்டது. மேக்கில் 2005-இன் டைகர் பதிப்பில்தான் இணைமதி வந்தது. அந்த இடைவெளியில் தமிழில் எழுத விரும்பியவருக்கு ஜி4 வேகமா, பென்டியம் 4 வேகமா என்ற கேள்விக்கே இடமில்லை.

எனக்குத் தெரிந்த ஒரு சிறு பதிப்பாளர் போன வருஷம் இதே கேள்வியோடு வந்தார். விண்டோஸ் 10-க்கு 2025 அக்டோபரோடு ஆதரவு முடிகிறது. விண்டோஸ் 11-க்கு இன்டெல்லில் எட்டாம் தலைமுறை வேண்டும், அவர் மெஷின் அதற்கு முந்தையது. மகன் மேக் மினி வாங்கலாம் என்கிறான். விலையும் பரவாயில்லை, வேகமும் பிரமாதம். "தம்பி, என்ன சொல்றீங்க?" என்றார்.

"அண்ணே, கடந்த ஆறு மாசத்துல நீங்க திறந்த மென்பொருள் எல்லாத்தையும் ஒரு தாள்ல எழுதுங்க, எந்தக் கோப்பு வேணும்னு அதையும் எழுதுங்க" என்றேன். யார் கேட்டாலும் நான் இப்போது இதைத்தான் முதலில் கேட்கிறேன். பிரவுசரும் ஆஃபீஸும் மட்டும் என்று எழுதிக் கொடுப்பவருக்கு எந்தச் சிப்பானாலும் சரி. பேட்டரிக்காக ஆர்ம் வாங்கலாம், நினைவகத்தைப் பின்னால் கூட்ட முடியாது என்பதால் முதலிலேயே 16 ஜிபி எடுக்கச் சொல்வேன். மூல நிரலோடு வரும் லினக்ஸ் மென்பொருள் போதும் என்பவருக்குச் சிப் இன்னும் பொருட்டில்லை, டெபியன் பல வகைச் சிப்களுக்கும் எல்லாவற்றையும் திரும்பக் கம்பைல் செய்து வைத்திருக்கிறது. பழைய மெஷினைத் தூக்கிப்போடவும் வேண்டாம். ஜிஎஸ்டி கணக்கு மென்பொருள், டிஜிட்டல் கையெழுத்துக்கான யுஎஸ்பி டோக்கன், பழைய ஸ்கேனர் என்று பட்டியல் நீண்டால் எக்ஸ்86 விண்டோஸ்தான், அதில் இன்டெல்லா ஏஎம்டியா என்பதை அன்றைய விலையைப் பார்த்து முடிவு செய்துகொள்ளலாம்.

அண்ணன் கொண்டுவந்த தாளில் ஐந்தே வரி. நாலாவது வரி பேஜ்மேக்கர். அதற்கு எதிரே "எல்லாப் புத்தகமும்" என்று எழுதியிருந்தார். இருபது வருஷப் புத்தகங்கள், பாதிக்கு அச்சுப்பிரதிகூட ஒன்றிரண்டுதான் மிச்சம்.

மேக் மினி வாங்கினார்கள், புதுப் புத்தகங்கள் அதில் யூனிகோடில் ஓடுகின்றன. பழைய விண்டோஸ் மெஷினின் இணையக் கம்பியைப் பிடுங்கிவிட்டு, வன்தட்டை ரெண்டு பிரதி எடுத்து, ஒரு மூலையில் வைத்திருக்கிறோம். வாரம் ஒரு புத்தகத்தை அதில் திறந்து, எழுத்தை வெளியே எடுத்து, யூனிகோடாக்கி அண்ணி கையில் கொடுக்கிறோம். அவர் மெய்ப்புப் பார்க்கிறார். "கௌ" எல்லாவற்றையும் சிவப்பில் வட்டம் போட்டு அனுப்புகிறார். நான் மாற்றி நிரலில் விதி சேர்த்துக்கொண்டே வருகிறேன். இதுவரை பதினொரு புத்தகங்கள் முடிந்திருக்கின்றன.